தேயிலையோடு போன பெட்டி

சபையில் என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கத் தயாராக இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 1961ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிறும் திங்களுமாக, என் மகள் எஸ்தரின் எதிர்காலத்தை நான் என் கையாலேயே ஆணி அடித்து மூடிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன்.

கண்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை தனியாக வெளியே போய்த் தங்குவது அதுவே முதல் தடவை. அந்தத் திங்கட்கிழமை மாலைக்குள் கடிதத்தையும் சர்டிபிகேட்டுகளையும் நேரில் காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் பயப்படவில்லை. ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தவன் நான்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குப் பெட்டியடிக்கிற வேலை. அவள் ட்ரங்குப் பெட்டி கேட்டாள். பெட்டியடிக்கிறவன் மகளுக்குக் கடைப் பெட்டியா என்று வீறாப்புப் பேசினேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தொழிற்சாலையில் வைத்து, கழித்துப் போட்ட பலகையில் தேயிலைப் பெட்டி ஒன்று செய்து சாமான்களை அடுக்கினேன். அரிசி, தேங்காய், போர்வை, அவள் சேலைகள், ஒரு சின்ன அம்மிக்கல். களவு போகக்கூடாதே என்று, சர்டிபிகேட்டுகளோடு சேர்த்துக் கட்டிய கடிதக்கட்டை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அழுதுகொண்டே ஆணி அடித்தேன். கைப்பழக்கத்தில் தோட்டத்து முத்திரையையும் மேலே குத்திவிட்டேன்.

மறுநாள் பெட்டியை எடுக்க எஸ்தரோடு போனால், வைத்த இடம் வெறுமை.

"லொறி ஸ்டேஷனுக்குப் போயிருச்சுண்ணே," என்றான் காவல்காரன். "கொழும்பு கூட்ஸ் வண்டிக்குன்னு இங்க இருந்த பெட்டி எல்லாத்தையும் ஏத்திட்டாங்க."

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, தோட்டத்து மார்க் போட்டீங்களா?"

நான் மலையைப் பார்த்தேன்.

குறுக்குப் பாதையில் றொசல்ல ஸ்டேஷனுக்கு அவள் ஓடினாள்; நான் உருண்டேன். கூட்ஸ் வண்டிக்குள் அறுபது தேயிலைப் பெட்டிகள். எல்லாம் நான் அடித்தவை. எல்லாம் ஒரே முகம். தூக்கிப் பார்க்கலாம் என்றால், நான் திணித்த திணிப்பில் அதுவும் அதே கனம். ஸ்டேஷனின் சிங்களக் கிளார்க் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். கண்டி ரயிலுக்கு அரை மணிதான் இருந்தது. ஒரே ஒரு பெட்டியைத் திறக்கலாம், தவறினால் தோட்டத்துத் துரைக்கு ரிப்போட் போகும் என்றார். தேயிலைப் பெட்டியை உடைத்தால் என் வேலை போகும், லயத்து அறையும் போகும். உடைக்காவிட்டால் அவள் இடம் போகும்.

ஜெபக்கூட்டத்தில் கால் மணி நேரம் விடாமல் ஜெபிக்கிற வாய் இது. அன்று வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் மடையன். பிள்ளையைக் கைவிடாதேயும்." ஆமென் சொல்லவும் மறந்தேன்.

கண்ணைத் திறந்தபோது கிளார்க் வண்டி மூலையில் ஒரு பெட்டியருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "மே தே நெமெய்," என்றார். "கரவல." இது தேயிலை இல்லை, கருவாடு என்கிறார். அழுது அடைத்திருந்த என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

"அம்மா போர்வைக்குள்ள சுருட்டி வச்சாங்க," என்றாள் வண்டி வாசலில் நின்ற எஸ்தர். "அப்பாகிட்ட சொல்லாத, கேலி பண்ணியே கொன்னுருவாருன்னாங்க."

அந்தப் பெட்டியைக் காட்டினேன். பலகை பெயர்ந்தது. மேலே அவளுடைய நீலச் சேலை.

அம்மிக்கல் வரைக்கும் வாரிப்போட்டுக் கடிதக்கட்டை எடுக்கும்போதே ரயில் சத்தம் கேட்டது. பெட்டியைத் திரும்ப அடிக்க நேரமில்லை. கடிதக்கட்டையும் அந்த ஒரு சேலையையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

"போயிட்டு வாறேன்ப்பா. இனிமேலாவது சாப்பிடுங்க."

அன்று மாலையே சேர்ந்துவிட்டாள். சாமான்களை அனுப்பட்டுமா என்று எழுதிக் கேட்டேன். வேண்டாம் அப்பா, ஒன்றும் குறைவில்லை என்று பதில் வந்தது. இன்று மூன்றாம் வருஷம், நோயாளிகளைக் கவனிக்கிறாள். முன்பெல்லாம் ஆண்டவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது அவர் சொல்வதைக் கேட்கப் பழகுகிறேன். அவருக்கே ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளையும் ஒரு நாள் வாசலைத் தாண்டும். பயம் வரும், வரட்டும். பிள்ளையை அவர் கையில் கொடுங்கள். நான் கட்டி அனுப்பிய அத்தனையும் றொசல்லயோடு நின்றுவிட்டது. அவர் அவளோடு கண்டி வரைக்கும் போனார்.