மழை நாளில் வேலை இல்லை

தோட்டத்து வளைவைத் தாண்டியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வார் அறுந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் விட்டு வந்த மூன்றாவது ரப்பர் தோட்டம் அது. சண்டை எதுவும் இல்லை. விடியுமுன் கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டுவது சலித்துவிட்டது, அவ்வளவுதான். பாதிப் படிப்பில் நின்ற எனக்குக் கொழும்பில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. அங்கே ரப்பர் மரம் இருக்காது என்று மட்டும் தெரியும்.

இரத்தினபுரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைத்தெருவில் நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை, அதன் மாடியில் தங்க இடம். பலகைத் தடுப்பு அறைகள், தகரக் கூரை, மூட்டைப்பூச்சி. தனி அறை எனக்குக் கட்டுப்படியாகாது. மாவனல்லை முஸ்லிம் லொறி டிரைவர் ஒருவரின் அறையில் பாய் போட்டுக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அரிசி தட்டுப்பாடான காலம். அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தின்றுவிட்டு மேலே போனேன்.

டிரைவர் கட்டிலில் இருந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எங்க போற?"

"கொழும்புக்குங்க, நானா." முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அங்க ஆரு ஈக்கிற?"

"யாருமில்லீங்க."

"நல்லம். ஆக்கள் இருந்தா அவங்களப் பாக்கப் போறன்னு ஓடிருவாய். என்ட கிளீனர் காய்ச்சல்னு ஊட்டுக்குப் போய்ட்டான். நானும் கொழும்புக்குத்தான், நீ வா. ஒழுங்கா வேல செஞ்சா உன்னையே வெச்சுக்கொள்றன். விடியக்காலம் பள்ளியில சுபஹு பாங்கு சொன்னதும் லொறிய எடுப்பன். எழும்புவியா?"

"தோட்டத்துக்காரனுக்கு எழும்பச் சொல்லித் தரணுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே படுத்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கொழும்பை நினைத்து நினைத்துப் புரண்டேன். கடைசியில் எப்போது கண்ணயர்ந்தேனோ, தகரத்தில் மழை கொட்டும் சத்தம் தூக்கத்துக்குள்ளேயே கேட்டது. மழை நாளில் மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். பால் பட்டையில் வழிந்து வீணாகும். கங்காணியும் கூப்பிட மாட்டார். தோட்டத்தில் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவது அந்தச் சத்தத்தில்தான்.

விழித்தபோது வெயில் இல்லாவிட்டாலும் நன்றாக விடிந்திருந்தது. கட்டில் காலி. படியில் விழுந்தடித்து இறங்கினேன். லொறி நின்ற இடத்தில் சேற்றுத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

முதலாளி தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு உன்னைய எத்தன தரம் எழுப்பினாரு தெரியுமா? 'மழைங்க, மரம் ஈரம், இன்னக்கி வேல இல்லீங்க'ன்னு சொல்லிப்புட்டுப் போர்வைய இழுத்துக்கிட்டியாம். லொறியில ஏதுடா மரம்னு சிரிச்சிக்கிட்டே போனாரு."

சமையல்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற லொறி வருங்களா?"

"வரும். கிளீனருக்குக் காய்ச்சல் வந்த லொறியா வரணும். அதுவரைக்கும் சும்மா நிப்பியா? பின்னுக்குப் போய் வெறகக் கொத்து. சாப்பாடும் பாயும் உண்டு."

பின்னால் போனேன். கிழடாகி வெட்டி விற்ற ரப்பர் மரங்கள் அங்கே குவிந்து கிடந்தன. பட்டையில் பழைய கத்தித் தடங்கள் அப்படியே இருந்தன. மழை விடவில்லை. அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமல் கோடரியை எடுத்தேன்.