பூநாரைக்குப் போட்ட முட்டிப் பூட்டு

முப்பது வருஷத்தில் தாவீது ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டிப் பூட்டுகளைப் பொருத்தியிருக்கிறார். எல்லாம் மனிதக் கால்களுக்கு. ஒன்றே ஒன்று மட்டும் பறவைக்கு. அந்த ஒன்றுதான் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பி ஓட வைத்தது.

தாராவியில் அவருக்கு ஒரு தோல் பட்டறை இருக்கிறது. பெல்ட்டும் பையும் தைத்தாலும், பெயர் வாங்கித் தந்தது காலிப்பர்தான். போலியோவில் சூம்பிய காலுக்கு இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, தோல் வார், முட்டியில் ஒரு சின்னப் பூட்டு. எழுந்து நின்றால் பூட்டு விழுந்துவிடும், கால் மடங்காது. உட்கார வேண்டுமென்றால் கையால் தூக்கிவிட வேண்டும். நோய் நாட்டை விட்டுப் போய்விட்டது. அன்று குழந்தைகளாக அவரிடம் வந்தவர்கள் இப்போது நரைத்த தலையோடு வார் மாற்ற வருகிறார்கள். பலமில்லாத கால் நிற்க வேண்டுமானால் முட்டியைப் பூட்டு. அவருடைய தொழில் மொத்தமும் இதுதான்.

சனிக்கிழமை காலையில் டிராம்பேயிலிருந்து ராஹில் வந்தான். அங்கே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கழிமுகத்துச் சேற்றில் அடிபட்டுக் கிடக்கும் பறவைகளைத் தூக்கிவந்து காப்பாற்றுகிற பைத்தியமும் உண்டு.

"ஃபிளமிங்கோ, அங்கிள். ஒயர்ல மோதிக் கால் முறிஞ்சுபோச்சு. ஃபாரஸ்ட்காரங்ககிட்ட சொல்லியாச்சு, நகுல் டாக்டர் எக்ஸ்ரேயும் எடுத்துட்டார். பிளாஸ்டர் போட்டா அதோட குச்சிக் கால் வெயிட் தாங்காதாம். உங்க காலிப்பர் மாதிரி லேசா ஒண்ணு வேணும்."

டாக்டர் வரைந்து கொடுத்த படத்தில், கட்டு நடுமூட்டுக்குக் கீழேயே நின்றிருந்தது. தாவீது படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முட்டிய விட்டுட்டுக் கட்டச் சொல்லுதாரா ஒங்க டாக்டரு? முட்டி ஆடுனா கால் எப்படிடே நிக்கும்?"

"அவர் ஒரு கல்யாணத்துக்கு நாசிக் போயிட்டார் அங்கிள். நீங்க எக்ஸ்பர்ட், பாத்துச் செய்யுங்க."

பார்த்துத்தான் செய்தார். மெல்லிய அலுமினியப் பட்டை, உள்ளே ஆட்டுத்தோல், நடுமூட்டில் அரிசிமணி அளவுக்கு ஒரு பூட்டு. முட்டி பின்பக்கமாக மடங்குகிற பிராணி என்று சிரித்துக்கொண்டே பூட்டையும் திருப்பி வைத்தார். சாயந்திரம் டிராம்பே போய் அவரே மாட்டினார். பூநாரை நிமிர்ந்து நின்றது. ராஹில் விசிலடித்து வீடியோ எடுத்தான்.

ஞாயிறு. சர்ச் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். மனைவி ஆனி கோழிக்குழம்பில் முழு லெக் பீஸை எடுத்துத் தட்டில் வைத்தாள். தொடைக்கறியைப் பிய்க்கக் காலைப் பிடித்து மடக்கியவர், கையை நிறுத்தினார். மறுபடி நீட்டினார், மடக்கினார்.

"என்ன அப்படிப் பாக்கிய? உப்புக் கூடிப்போச்சா?"

"ஆனி, இது எந்தப் பக்கமா மடங்குது பாரு. நம்ம முட்டி மாதிரியே மடங்குது."

"கோழிகிட்ட வைத்தியம் படிக்கியளோ? ஆறுறதுக்குள்ள தின்னுங்க."

அவர் கண் எலும்பின் மறு நுனிக்கு ஓடியது. கறிக்கடைக்காரன் வெட்டிய இடம். அதற்குக் கீழே இருந்த செதில் காலை ஆனி சூப்புக்கு என்று தனியாக வாங்கி வைத்திருந்தாள். தொடை, முட்டி, கெண்டைக்கால். அப்படியானால் வெட்டுப்பட்ட இந்த மூட்டு? தாவீது எச்சில் கையோடு எழுந்து நுனிக்காலில் நின்று பார்த்தார். குதிகால் பின்னால் உயர்ந்தது. அவர் பூட்டியது முட்டியை அல்ல, குதிகாலை. போனை எடுத்தார்.

ராஹிலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டாக்டர் நகுல் எடுத்தார், பின்னால் நாதஸ்வரத்தோடு.

"குதிகாலப் பூட்டிட்டீங்களா?" அவர் குரல் மாறியது. "சார், பறவையோட முட்டி உடம்போட ஒட்டி இறகுக்குள்ள இருக்கு. அதோட மூதாதைங்களுக்கு நீள வால், பாரம் பின்னாடி. கோடிக்கணக்கான வருஷத்துல வால் குட்டையாகி பாரம் முன்னாடி வந்துது, தொடையும் முன்னாடி மடிஞ்சுது. பாதம் நீண்டு, விரல்ல நிக்க ஆரம்பிச்சுது. நாம பாக்கற அந்த நீளக் கால்ல பாதி, பாதம்தான். அது உக்காரவும் எழுந்துக்கவும் அந்த குதிகால் மடங்கணும். இப்ப நிக்குதா, விழுந்துடுத்தா?"

"தெரியல டாக்டர்."

"விழுந்து கிடந்தா சொந்த பாரத்துலயே கால் தசை செத்துடும். ரொம்ப நேரம் தாங்காது. உடனே போங்க!"

ஞாயிற்றுக்கிழமை, ஹார்பர் லைனில் மெகா பிளாக்; தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள். சயானில் பஸ் பிடித்தார். செம்பூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. நடுவில் நான்கு முறை போன் போட்டும் ராஹில் எடுக்கவில்லை. தேவ்நார் பக்கம் ஆட்டு மந்தை ஒன்று சாலையை மறித்தது. எல்லா ஆடும் குதிகாலை உயரத் தூக்கிக்கொண்டு நுனிவிரலில் டக்டக்கென்று போயின. ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்தது; அதற்கும் பின்னங்காலில் அதே மூட்டு. வாழ்நாளெல்லாம் பார்த்தும் கண்ணில் படாதது இன்று திரும்பிய பக்கமெல்லாம் நின்றது. "ஓட்டுப்பா, ஹார்ன் அடி," என்றார். ஆட்டோக்காரன், "ஆட்டுக்கு ஹார்ன் புரியுமா சாச்சா?" என்றான்.

கடையின் பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. ராஹில் தரையில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் துப்பட்டாவைப் பறவையின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்திருந்தான். போன் எட்டாத அலமாரியில் மினுங்கியது.

"விழுந்துருச்சு அங்கிள். எழுந்துக்கத் தெரியாம சிறகால தரையை அடிச்சுது. அப்பலேர்ந்து பிடிச்சிட்டிருக்கேன். கை மரத்துப்போச்சு."

"தப்பு என்னோடது தம்பி. இன்னும் கொஞ்சம் ஆடாமப் பிடி."

பையிலிருந்து கட்டரை எடுத்தார். முழங்கையைத் தரையில் ஊன்றி, பூட்டின் ஆணியில் அதை வைத்தார். கொஞ்சம் வழுக்கினால் முறிந்த எலும்பிலேயே படும். மூச்சை அடக்கி ஆணியை நறுக்கினார். பூட்டு தெறித்து விழுந்தது. மேல் வாரை அவிழ்த்து, மூட்டுக்கு மேலிருந்த பட்டையைக் கழற்றினார். கால் மெல்ல, மிக மெல்ல மடங்கியது.

துப்பட்டாவை இறக்கினார்கள். பூநாரை தரையில் அமர்ந்தது. எழவில்லை. தாவீது ஜெபத்தை ஆரம்பித்தார். கழுத்து முன்னால் நீண்டது, குதிகால் பாதி விரிந்தது, சரிந்தது. மறுபடி நீண்டது. இந்த முறை நின்றது, நல்ல காலில். கட்டுப்போட்ட காலின் விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நடுங்கின.

"நிக்குது!" என்றான் ராஹில்.

"நிக்குது. அந்தக் கால ஊனலியே." தாவீது கண்ணை எடுக்கவில்லை. "வார் பிடிச்ச இடம் வீங்குதா, விரல் சில்லுனு ஆகுதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

பூட்டில்லாத புதுக் கட்டு ஒன்றைத் திங்கட்கிழமையே தைத்துக் கொண்டுவந்து மாட்டினார். இந்த முறை படத்தில் உள்ளபடி. புதன்கிழமை டாக்டர் நகுல் நாசிக்கிலிருந்து திரும்பி, இன்னொரு எக்ஸ்ரே எடுக்கிறார்; முறிந்த எலும்பு நகர்ந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.