மூன்று சிப்பாய்களும் ஒரு நல்ல அதிகாரியும்

என்னை சஸ்பெண்ட் செய்திருந்த வாரத்தில்தான் அந்தப் பழைய போர்ப் படத்தைப் பார்த்தேன். சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறைத்தோழி போனை அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்தாள். என்னைப் போலவே தென்காசிப் பக்கத்துக்காரி. தொழிற்சாலையிலும் என் லைன்தான்.

"பாரு புள்ள, ஒன் கதையேதான். மனசு ஆறும்" என்றாள்.

என் கதை இது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்வையிட வருகிறார் என்று டார்கெட்டைத் திடீரென ஏற்றினார்கள். பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியதும் மெஷின்கள் சூடாகி நின்றன. எந்த லைனும் டார்கெட்டைத் தொடவில்லை. மேலே இருப்பவர்கள் மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது, வாங்கியது அவர்கள். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தார்கள் என்று சொல்லி லைனுக்கு ஒரு பெயர் கேட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் என் பெயரைக் கொடுத்தான். பாத்ரூம் போக ஏன் ஆள் மாற்றிவிடுவதில்லை என்று அவனை எல்லோர் முன்னாலும் கேட்டவள் நான்.

படத்திலும் அதுதான். பிடிக்கவே முடியாத குன்றைப் பிடிக்கச் சொல்கிறார் தளபதி. முடியவில்லை. கோழைகள் என்று பட்டம் கட்டி, பிரிவுக்கு ஒருவராக மூன்று சிப்பாய்களைப் பொறுக்கி விசாரணை வைக்கிறார்கள். அதுவரை அது என் கதையாகவே இருந்தது. பிறகு அவர்களுக்காக வாதாட ஒரு நல்ல அதிகாரி எழுந்தார். அதிலிருந்து படம் அவருடையதாகிவிட்டது. கேமரா அவர் பின்னாலேயே நடந்தது, வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது, நல்ல வசனம் எல்லாம் அவர் வாயில். சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு குணம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்: ஒருவன் முரடன், ஒருவன் அழுகிறான், ஒருவன் ஜெபிக்கிறான். அவர் கோபப்படுவதற்காகவே அவர்கள் சாகிறார்கள் என்று பட்டது.

"என்ன பேச்சு பேசுதாரு பாரு" என்று தோழி கண்ணைத் துடைத்தாள்.

"பேசி என்ன ஆச்சு? சுடத்தானே செஞ்சாங்க."

"நல்லவன் பேசியும் சுட்டாத்தாம்ட்டி பாக்கவனுக்குக் கோவம் வரும். படம்னா அப்படித்தான்."

"அந்த மூணு பேரே பேசினா கோவம் வராதோ?"

அவள் போனை அணைத்தாள். நான் கேட்டேன்: "என் விசாரணைக்கு நீ வருவியா? மெஷின் நின்னதை நீயும் பார்த்தல்லா."

"எனக்கும் வேல போயிரும்லா" என்றாள். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. கண்டே இராத ஊரில் யாரோ சிப்பாய்க்கு அழுத கண்ணீர்.

விசாரணையில் எனக்காகப் பேச ஒரு சக தொழிலாளி வரலாம் என்றார்கள். பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருவர் வந்தார், வயதில் மூத்தவர், எல்லா மேனேஜருக்கும் வேண்டியவர். எழுந்து நின்று கைகட்டிக்கொண்டார்.

"சார், பொண்ணு புதுசு. இன்னா ஏதுன்னு தெரியாம பண்ணிட்சி. மன்னிச்சு வுட்ருங்க."

"நான் ஒண்ணும் பண்ணல. அவர் உட்காரட்டும், நானே பேசுதேன்" என்றேன்.

மெஷின் நின்றது, சூப்பர்வைசரிடம் சொன்னது, அவன் கண்டுகொள்ளாதது எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் வார்த்தை சிக்கியது. விசாரணை அதிகாரி போனைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வேலை போயிற்று.

தோழி அன்று மாலை கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள்: "நான் வந்து பேசியிருந்தா மட்டும் விட்டிருப்பாங்களாக்கும்?"

"விட்டிருக்க மாட்டாங்க."

"பொறவென்ன?"

"பக்கத்து நாற்காலியில நீ இருந்திருப்ப."

ஒரகடத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்ததும் சேரப்பணஞ்சேரியில் அறை பார்த்துக்கொண்டேன். கிளம்பும்போது அவள் என் பையைத் தூக்கி, பஸ் ஸ்டாப் வரை வருகிறேன் என்றாள். பையை வாங்கிக்கொண்டு தனியாகவே போனேன்.