பாதிப் புட்டி விளக்கெண்ணெய்

வண்டி வைத்திருக்கிறவன் சும்மாச் சும்மாத் தச்சன் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது என் கட்சி. இருசு முறிந்தாலோ சக்கரம் பிளந்தாலோ வேறு வழியில்லை. மற்றதெல்லாம் சொந்தக் கை பார்க்கிற வேலை. எட்டு நாளைக்கு ஒருமுறை வண்டிக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றுவேன். அவற்றைத் தாங்கும் இரும்புத் தண்டுதான் இருசு. அதில் ஒட்டியிருக்கும் பழைய மையைக் கந்தலால் வழித்தெடுத்து, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் புது மை போடுவேன். ஆரக்கால்களை ஒவ்வொன்றாகக் கல்லால் தட்டிப் பார்ப்பேன். ஆட்டம் கண்டது மட்டும் வேறு மாதிரிச் சத்தம் கொடுக்கும். கோடையில் மரம் சுருங்கி, சக்கரத்தைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டா கழலப் பார்த்தால் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டுவேன். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. சோம்பல் இல்லாவிட்டால் போதும்.

அப்போது தங்கச் சுரங்கம் இருந்த ஊரிகத்துக்கு ரயில் வரவில்லை. சுரங்கத்துப் பாய்லர்கள் விறகைத் தின்றுகொண்டிருந்தன. வட ஆற்காட்டிலிருந்து என்னோடு வந்தவர்கள் எல்லாம் ஷாஃப்டில் இறங்கிக் கல் உடைக்க, நான் மட்டும் ஒரு ஜோடி மாட்டோடு விறகு ஏற்றிக்கொண்டிருந்தேன். பூமிக்குள் இறங்க எனக்குப் பயம். அதைச் சொல்லாமல், என் மாடுகள் வேறு யாரிடமும் நிற்காது என்று சொல்லித் திரிந்தேன். என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும்.

முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் ஒரு கல்யாணத்துக்கு அவளை வண்டியில் அழைத்துப் போயிருந்தேன். வண்டி குலுங்கியதால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மறுபடி அவள் உண்டானபோது வண்டிப் பக்கமே விடவில்லை. ஆனால் ஒன்பதாம் மாதம் வந்துவிட்டது. குடியாத்தம் பக்கத்தில் இருந்த அவளுடைய தாய்வீட்டுக்கு இரண்டு நாள் பயணம். என் வண்டியில்தான் போயாக வேண்டும்.

அந்த வாரம் நான் வண்டியைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒரு ஆரக்காலையும் விடவில்லை. கடையாணிகளை மாற்றினேன். வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினேன். அத்தோடு விட்டிருக்கலாம். இருசில் லேசாகத் துரு இருந்தது கண்ணில் பட்டது. நாங்கள் குடியிருந்த கூலி லைனில் பெண்கள் பித்தளைப் பாத்திரங்களை மில்லு மணல் போட்டுத் தேய்ப்பார்கள். தங்கத்துக்காகக் கல்லை இடித்து மாவாக்கி, எடுப்பதை எடுத்த பிறகு மில்லுக்குப் பின்னால் கொட்டுவார்களே, அந்த மணல். அதில் தேய்த்த சொம்பில் முகம் பார்க்கலாம். சொம்பு மின்னும்போது இருசு மின்னாதா? இரண்டு பிடி அள்ளித் தேய் தேய் என்று தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆனது. கந்தலால் ஒரு துடை துடைத்துவிட்டு மேலே மையைப் பூசினேன். ஊரைக் கூப்பிட்டுக் காட்டாத குறைதான்.

முதல் நாள் சக்கரம் மூச்சுக் காட்டவில்லை. இரண்டாம் நாள் காலை, பேரணாம்பட்டுக் கணவாயின் இறக்கத்துக்குச் சற்று முன்னால், இடது சக்கரம் முனக ஆரம்பித்தது. இறங்கி, சக்கரத்தின் நடுக் குடத்தைத் தொட்டேன். சுட்டது.

அவளை மெதுவாக இறக்கி மர நிழலில் உட்காரவைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். மை சாம்பல் நிறமாகியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. மணலை நான் துடைத்து எடுக்கவில்லை. மையோடு சேர்த்து அரைக்க விட்டிருக்கிறேன். இருசு வரி வரியாகத் தேய்ந்திருந்தது. இப்படியே இறக்கத்தில் விட்டால் சக்கரம் இறுகும், வண்டி சாயும். உள்ளே அவள் இருப்பாள். மைக் குப்பியையும் நான் கொண்டுவரவில்லை. புதிதாகத்தானே போட்டிருக்கிறோம் என்ற திமிர்.

போன தடவையும் இந்த வண்டிதான் பிள்ளையைக் கொன்றது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக உள்ளே கிடந்த வார்த்தை.



“கல்யாணத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே வலி இருந்திச்சி மாமா,” என்றாள். “எங்க வேணாம்னுடுவீங்களோன்னு நான்தான் சொல்லல. வண்டி இன்னா பண்ணும், பாவம்.”

அவளும் ஒரு வருஷமாக அதைச் சுமந்திருக்கிறாள். ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி அழுதிருக்கிறோம்.

பிறகு மூட்டையை அவிழ்த்து விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். வலி எடுத்தால் வயிற்றில் தடவவும், பிறந்த குழந்தைக்கு உச்சியில் வைக்கவும் அவள் பார்த்துப் பார்த்து வாங்கிவைத்த எண்ணெய். அது பிள்ளைக்கு வைத்தது என்றேன்.

“புள்ள வண்டியிலதான வருது? ஊத்துங்க.”

இருசு ஆறும்வரை காத்திருந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் இரண்டு சக்கரத்தையும் மணல் போகக் கழுவினேன். வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். அவள் படுத்திருந்த வைக்கோலில் ஒரு பிடி உருவிக் கொளுத்தி, கரியை அந்த எண்ணெயில் குழைத்துப் போட்டேன். பாதிப் புட்டி தீர்ந்தது. இறக்கம் முழுவதும் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்தே வந்தேன். சக்கரம் சத்தம் போடவில்லை. உள்ளே அவள் தூங்கிவிட்டாள்.

ஆறாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. மீதி எண்ணெய் எங்கே என்று மாமியார் கேட்டதற்கு, வண்டி குடித்துவிட்டது என்று மகள் சொல்லியிருக்கிறாள். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் மை போகவில்லை. கன்னத்தைத் தொட்டதும் ஒரு கறுப்புத் தீற்றல் விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார் ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

படுத்திருந்தவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“இருக்கட்டும்மா. கண்ணு படாது.”