ஊதுபத்தியில் போட்ட எட்டு

ஊதுபத்தி நுனியின் சிவப்புப் பொட்டைப் பார்த்தால் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை. அக்காவின் கணவர், அத்திம்பேர் நினைவுதான் வரும். எழுபதுகளின் கடைசியில் கல்கத்தா பெஹாலாவில் அக்கா வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டு, கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாயங்காலம் விளக்குப் போட்டதும் கரண்ட் போய்விடும். கல்கத்தாவில் அதற்கு லோட்ஷெட்டிங் என்று மரியாதையான பெயர். ஊரே விசிறியோடு உட்கார்ந்துவிடும், அத்திம்பேர் மட்டும் உட்காரமாட்டார். சாப்பிடும்போதுகூட அவருக்கு ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். கொசுவுக்கென்று ஏற்றிய ஊதுபத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். "கால்லே சக்கரத்தைக் கட்டிண்டு பொறந்தவர்" என்பாள் அக்கா.

அவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பௌதிகக் கணக்குப் போடுகிறவர். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வரும் எலெக்ட்ரான்மீது எதிரிலிருந்து மிகக் கடுமையான லேசரைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளி எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. அத்தனை கடுமையான லேசர் அப்போது எங்கும் கிடையாது. இல்லாத விளக்குக்கு என்ன கணக்கு என்று சீண்டுவேன். அவர் கோபிக்காமல் ஊதுபத்தியைத் தூக்குவார். "ஒளி சாதுவா இருந்தா எலெக்ட்ரான் மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். முரட்டு ஒளின்னா முன்னாடி பின்னாடியும் தள்ளும். ரெண்டும் சேர்ந்தா எட்டுடா" என்று இருட்டில் ஒரு எட்டுப் போடுவார். அந்த எட்டினால் ஒளி ஒரே நிறமாக வராமல், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளோடு பல நிறங்களாக வரும். எல்லாமே கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். ஒவ்வொன்றையும் கருவியில் பிடித்தால் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய கோடாக விழும். அதுதான் அவர் கண்ட முடிவு.

அந்தக் கோடுகளை நம்பித்தான் எங்கள் குடித்தனம் இருந்தது. அவருடையது தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டுமென்றால் நிலையத்துப் பெரியவர்கள் முன்னால் அந்த முடிவைப் பேசிக் காட்ட வேண்டும். கிடைத்தால் கல்கத்தா, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்கா குழந்தைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் சொல்லிவைத்துவிட்டாள். வீட்டுக்காரி மாஷிமா காளிகாட் கோவிலில் வேண்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

பேச்சுக்கு முதல் நாள் சாயங்காலமும் கரண்ட் போயிற்று. அத்திம்பேர் நடந்துகொண்டே எட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தது. அந்தக் காலத்துக் கரண்ட் வரும்போதே முழுதாக வராது. பல்பின் இழை முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளாயிற்று, அப்புறம்தான் வெளுத்தது. அதைப் பார்த்தபடி அவர் நின்றுவிட்டார். ஊதுபத்திச் சாம்பல் கையில் விழுந்தும் அசையவில்லை. "என்னன்னா?" என்றாள் அக்கா.

"லேசரும் இப்படித்தானே வரும். ஏறும், இறங்கும். நான் ஆதியும் அந்தமும் இல்லாத ஒளின்னு வெச்சுண்டு கணக்குப் போட்டுட்டேன். எட்டு சின்னதா ஆரம்பிச்சுத்தான் பெரிசாகும். அதுக்குத் தகுந்தபடி நிறமும் நகரும். கோடா நிக்காது, தீற்றிண்டு போயிடும்."

அக்காவுக்குக் கணக்குப் புரியவில்லை. என்ன ஆகப்போகிறது என்பது மட்டும் புரிந்தது. "இதை நாளைக்கே சொல்லியாகணுமா?" என்றாள். அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

யோசித்துக்கொண்டே வேறு பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று மறுநாள் அக்கா என்னையும் கூட அனுப்பினாள். வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்: ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது. துறைமுகத்தில் காகிதத்தில் ஒன்றும் பெட்டிக்குள் ஒன்றுமாக எத்தனை சரக்கு போயிற்று, கப்பல் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அத்திம்பேர் கரும்பலகையில் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே உள்ளங்கையால் அத்தனையையும் தேய்த்துவிட்டு, இது தவறு, முன்பு எழுதிக்கொடுத்ததும் தவறு என்றார். அப்படியானால் மிச்சம் என்ன என்று தலைவர் சாவதானமாகக் கேட்டார். எட்டு மிச்சம், தீற்றலை இனிமேல்தான் கணக்கிட வேண்டும் என்றார் இவர். வேலை கிடைக்கவில்லை. துர்கா பூஜைக்கு முன்பே அவர்கள் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரிக்குக் குடிபோனார்கள். ஹவுராவில் ரயில் நகரும்வரை அக்கா என்னிடம் அடுக்களைச் சாமான்களைப் பற்றியே பேசினாள்.

இப்போது இருவருமே இல்லை. அந்த மாதிரி லேசர்கள் வந்துவிட்டன, கோடுகள் தீற்றிக்கொண்டுதான் வருகின்றன என்று அக்கா மகள் போனில் பெருமையாகச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இதே கல்கத்தாவில், சால்ட் லேக்கில் என் ஃபிளாட்டில் கரண்ட் போனால், கண் இமைப்பதற்குள் ஜெனரேட்டர் முழு வெளிச்சத்தையும் கொட்டிவிடுகிறது. அன்றைக்கும் அப்படி வந்திருந்தால் அவர் நின்றிருக்கமாட்டார். அக்கா நாலு தெரு தள்ளிக் குடியிருந்திருப்பாள். நேற்று ஊதுபத்தி ஏற்றிவிட்டு விளக்கை நானே அணைத்தேன். எடுத்த எடுப்பிலேயே பெரிதாக ஒரு எட்டுப் போட்டுவிட வேண்டும் என்றுதான் கையை ஓங்கினேன். எத்தனை தடவை போட்டாலும் அது சின்னதாகத்தான் ஆரம்பித்தது.