நூலக நிறுத்தம்

என் அக்கா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இருபது வருஷமாக ஊரையே அதட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருப்பவள். "உள்ள போங்க, முன்னால நகருங்க, படியில நிக்காதீங்க, எறங்குறவங்களுக்கு வழி விடுங்க." இதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. வீட்டிலும் அதே தொண்டைதான். சமையலறையில் நான் குறுக்கே நின்றால் "கொஞ்சம் முன்னால நகரு" என்பாள். நான் வீட்டிலேயே துணி தைப்பவள். என் மிஷின் சத்தத்தையும் மீறி அவள் குரல் தெருவுக்குக் கேட்கும். கல்யாணம் கூடிவரவில்லையே என்று அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அவள் ஏங்கியதெல்லாம் ஒரே ஓர் ஆளுக்காக. அது சோடாபுட்டி.

சோடாபுட்டி அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி போட்டதால் வந்த பட்டம். வைத்ததும் அக்காதான், வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்குப் போனதும் அக்காதான். நர்ஸ் படித்துவிட்டு வெளிநாடு போனவள், போன வருஷம் ஒரு வார லீவில் வந்து எங்கள் வீட்டில் தங்கினாள்.

வந்த அன்றே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தாள். "அங்க ஒப்பந்தம் முடியுதுடி. இன்னும் அஞ்சு வருஷம் இருன்னு சொல்றாங்க. இங்க பெரிய ஆஸ்பத்திரியிலயும் கூப்பிடுறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல."

அக்கா கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "யோசிச்சு செய்" என்றாள். அவ்வளவுதான். ஊரையே ஆட்டிப்படைக்கிற வாய்!

மறுநாள் காலையில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். "இங்கேயே இருன்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா. அவ அதுக்குத்தான் கேக்குறா."

"நான் சொல்லி அவ வந்து, அப்புறம் ஏன்டா வந்தோம்னு ஆயிட்டா?"

"அது அவ பாடு. நீ சொல்லு."

"போறதுக்குள்ள சொல்றேன், விடு."

சோடாபுட்டிக்குக் கண்ணாடி வேலைப்பாடு என்றால் உயிர். "கண்ணாடி இல்லேன்னா எனக்கு உலகமே புகைமூட்டம். அதான் அது மேல ஒரு மரியாதை" என்பாள். ஆகவே அக்கா வாரம் முழுக்க லீவு போட்டு, ஊரில் கண்ணாடியில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையையும் காட்டுவது என்று கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

லீவில் இருக்கும் கண்டக்டருக்கு பஸ்ஸில் உட்காரத் தெரியாது. கூட்டம் ஏறியதும் அக்கா எழுந்துவிட்டாள். "பின்னால எடம் இருக்குல்ல, நகருங்க!" டியூட்டியில் இருந்த பையன் சிரித்தான். "அக்கா, இன்னிக்கு நீங்களும் பயணிதான். பேசாம உக்காருங்க." சோடாபுட்டி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதற்கப்புறம் அந்தக் கையை விடவில்லை. அக்காவும் உருவிக்கொள்ளவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பட்டறை இருக்கிறது. நீளமான இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, உருட்டி உருட்டி ஊதி, ஜாடி செய்கிறார்கள். உலைச் சூட்டில் எங்களுக்கு வியர்த்து ஊற்றியது. சோடாபுட்டியின் கண்ணாடி மூக்கில் வழுக்கியபோது அக்கா தன் விரலால் அதை மேலே தள்ளிவிட்டாள். பள்ளிக்கூட நாளில் செய்ததுதான். கை மறக்கவில்லை.

"பாதியில நிறுத்திட்டு அப்புறமா ஊதலாமா?" என்று சோடாபுட்டி பட்டறைக்காரரைக் கேட்டாள்.

"இப்படியே ஆற விட்டா அப்புறம் ஊதி பிரயோஜனம் இல்லம்மா. சூடா இருக்கும்போதே முடிச்சிடணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பழைய வங்கிக் கட்டிடத்துக் கதவைப் பார்த்தோம். கண்ணாடியிலேயே நாரைகளைச் செதுக்கியிருந்தார்கள். இன்னொரு நாள் ஒரு கடையில் கண்ணாடி மணிகளைப் பார்த்தோம். தினமும் சாயங்காலம் திரும்பி வந்து, கால் வலிக்கக் கூடத்தில் சாய்ந்து, இரண்டு பேரும் கெக்கெக்கே என்று எதற்கோ சிரிப்பார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. சோடாபுட்டி போய்விடுவாளே என்று பயமாகவும் இருந்தது.

கடைசி நாள் மத்திய நூலகத்துக்குப் போனோம். அக்காவின் பஸ் தினமும் நிற்கும் இடம். அங்கே சுவர் உயரத்துக்கு ஒரு ஜன்னல் உண்டு. ரோட்டிலிருந்து பார்த்தால் கரி பிடித்த மாதிரி கறுப்பாக இருக்கும். "அதுல என்ன இருக்கு, அழுக்கு" என்றாள் அக்கா. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அங்கே இறங்கி உள்ளே போனதில்லை.

உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் முழுக்கக் கண்ணாடியிலேயே ஓர் ஆறு. நீலம், பச்சை, கரையில் சிவப்புப் படகு. வெயில் அதன் வழியாக இறங்கி வாசிப்பு மேஜைகள் மேல் நிறம் நிறமாக விழுந்திருந்தது. அக்கா கையை நீட்டினாள், உள்ளங்கை நீலமானது.

படகுக்குக் கீழே ஒரு துண்டு மட்டும் நிறமில்லாத வெறும் கண்ணாடி. எப்போதோ உடைந்ததற்குப் பதிலாக வைத்தது போலிருந்தது. சோடாபுட்டி அதற்கு நேரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். "ஏய், இங்கேருந்து உன் ஸ்டாப் தெரியுதுடி. டியூட்டி முடிஞ்சு நான் இங்க வந்து உக்காந்தா தினமும் உன் பஸ்ஸைப் பாக்கலாம்."

இதற்குமேல் ஒரு மனுஷி என்ன சொல்ல வேண்டும்? அக்காவின் கண் கலங்கியிருந்தது. தொண்டையைச் செருமினாள்.

"டிரிப்பு மாத்திட்டாங்கன்னா தெரியாது" என்றாள்.

அவளை அங்கேயே நாலு சாத்தலாமா என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் விமான நிலையம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். பெட்டி மேலே போய்விட்டது. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். சோடாபுட்டி படியில் ஒரு காலை வைத்தவள், ஏறாமல் திரும்பி நின்றாள். அக்காவையே பார்த்தாள். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தன!

அக்கா வாயைத் திறந்தாள்.

"படியில நிக்காத. உள்ள போ, உள்ள போ."

சோடாபுட்டி இரண்டு நொடி அப்படியே நின்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கூட்டம் ஏறியபோதும் அக்கா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். "இருன்னு சொல்லத்தான்டி வாயைத் தொறந்தேன்" என்றாள். "அதுதான் வந்துச்சு." அப்புறம் அழுதாள். என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

போய் இறங்கியதும் சோடாபுட்டி அங்கேயே ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். போனில் சொன்னாள். "நல்லது, உடம்பைப் பாத்துக்க" என்றாள் அக்கா.

தைத்த துணியைக் கொடுக்கப் போகும்போது இப்போது நான் நூலகத்துக்கும் போகிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் கண்ணாடித் துண்டு வழியாகப் பார்ப்பேன். பஸ் வந்து நிற்கும். ஆட்கள் ஏறி இறங்கி முடிந்திருக்கும். அக்கா படியில் நின்றபடி தலையைச் சாய்த்து, அந்தக் கறுப்பு ஜன்னலை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே பயணிகள் முணுமுணுப்பார்கள். டிரைவர் ஹாரன் அடிப்பார்.

அந்த ஒரு நிறுத்தத்தில் மட்டும் அவளுடைய விசில் தாமதமாகத்தான் வருகிறது.