பாட்டிலோடு நின்ற அம்மாள்

எழுபதுகளில் திருமழிசையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். நாள் முழுக்க நின்று கால் கடுக்கும். யார்மீதாவது எரிந்து விழுவேன்.

முனுசாமி என்ற பெரியவர் இருமலுக்கு வருவார். ஒவ்வோர் இருமலையும் டாக்டரிடம் கதையாகச் சொல்வார். அவர் மனைவி மருந்துக்குப் பாட்டிலை நீட்டியபடி என் எதிரே நிற்பார். வேளைக்கு ஒரு கோடு என்று காகிதம் வெட்டிப் பாட்டிலில் ஒட்டித் தருவேன். மூன்று நாள் மருந்து இரண்டே நாளில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வாரம் பெரியவரிடம் கத்திவிட்டேன். "இது மருந்தா, சாராயமா? இப்படிக் குடிக்கிறீங்களே!"

"கோடு தாண்டலியே நைனா," என்று விழித்தார்.

அந்த அம்மாள் தலைகுனிந்தார். "நான்தான் குடிச்சேன். எனக்கும் மாசக்கணக்கா இருமிகினு கீது."

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு பேரும் நோயாளின்னு படுத்துக்கினா, ஊட்ல சோறு ஆக்கறது யாரு?"

பெரியவருக்கு வெறும் சளிதான். அந்த அம்மாளுக்குக் காசநோய் என்று எக்ஸ்ரே காட்டியது.

அந்த மூன்று வாரமும் முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டு என் எதிரேதான் நின்றிருக்கிறார். நான் அவரிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "ஓரமா நில்லும்மா, நோயாளிக்கு வழி விடு."